மாட்டுப் பட்டிக்கும் புல் நிலத்துக்கும் எழுத்தில் உறுதி வேண்டும்
கண்டி மாவட்டத் தோட்டங்களில் மாடு வளர்ப்போர் குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

தெல்தோட்டை, கலஹா, புசல்லாவை எனக் கண்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் லயத்துக்குப் பின்னால் மாட்டுப் பட்டிகளைக் காணலாம். அவற்றில் பெரும்பாலானவை தோட்ட முகாமையாளரான துரையின் வாய்ச்சொல்லை நம்பியே நிற்கின்றன. துரை மாறினால் அந்தச் சொல்லும் மாறிவிடலாம். மாடு கட்டும் இடமும் புல் அறுக்கும் நிலமும் எழுத்தில் உறுதிசெய்யப்பட வேண்டும் என்பதே எமது நிலைப்பாடு.

மாடு தோட்டத்துக்குப் புதிதல்ல. கோப்பிக் காலத்தில் எருவுக்காகத் தோட்டங்களே பட்டி வைத்தன, கினிப் புல்லும் நட்டன. துரைமார் வைத்தபோது முதலீடாக இருந்த மாடு, தொழிலாளி வளர்க்கும்போது மட்டும் தொல்லையாகிவிடுவது விசித்திரம்தான்.

மலையில் கொழுந்தெடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த பெண், படங்கை அவிழ்த்த கையோடு அரிவாளும் சாக்கும் எடுத்துப் புல்லுக்குப் புறப்படுகிறார். நல்ல கறவை மாடு நாளொன்றுக்கு 40 கிலோ அளவு பச்சைப் புல் தின்னும். அட்டைக்கடி, குளவிப் பயம், வழுக்கும் சரிவு, அதற்கு மேல் தலைச்சுமை. விடியுமுன் கறந்து, பிரட்டுக்கு முன்னால் பாலைச் சேகரிப்பு நிலையத்தில் சேர்க்க வேண்டும். அங்கே கொழுப்பைப் பார்த்துத்தான் விலை. நாட்சம்பளம் போதாத வீட்டில் கடைக்கடன் அடைவது இந்தப் பால் காசில். காளைக்கன்று, ஆபத்து அவசரத்துக்கு விற்கும் சேமிப்பு.

தோட்ட வீடமைப்பில் வழங்கப்பட்டுவந்த 7 பேர்ச்சஸ் காணி சுமார் 177 சதுர மீற்றர்தான். வீடும் கழிப்பறையும் போக, அதில் பட்டி எங்கே, புல் எங்கே? வீட்டுரிமை கிடைக்கும் நாளில் மாட்டை விற்க வேண்டிய நிலை வரக்கூடாது.

தேயிலையை மாடு மிதிக்கும் என்ற நிர்வாகங்களின் முறைப்பாட்டை நாம் மறுக்கவில்லை. மலையில் அவிழ்த்துவிட்டு மேய்ப்பதை ஆதரிக்கவும் இல்லை. சாணம் ஓடையில் கலந்தால் அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்களும் எமது மக்களே. பட்டிக்கு எருக்குழி கட்டாயம் என்ற நிபந்தனையை ஏற்கிறோம்.

கைவிடப்பட்ட தேயிலை மலைகளில் மானாப் புல் மண்டிக் கிடக்கிறது. முற்றிய மானாவை மாடு சீண்டாது. அந்த நிலத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, கோ-3 புல் நட உதவி, மாட்டைப் பராமரிக்கும் பெண்ணின் பெயரிலேயே அனுமதிப் பத்திரம் வழங்க வேண்டும். அரச நிறுவனங்களான ஜனவசமவும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் நடத்தும் தோட்டங்களில் இதை உடனே தொடங்கலாம். 1992இல் கம்பனிகளின் முகாமைக்குப் போன தோட்டங்களிலும் கம்பனிகள் குத்தகைக்காரர்களே, நிலம் அரசினுடையது. பேராதனையில் தலைமையகம் கொண்ட கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம் இதில் முன்னிற்க வேண்டும். களைநாசினி அடிக்குமுன் லயங்களுக்கு அறிவித்தல் கொடுப்பதும் கட்டாயமாக்கப்பட வேண்டும். மருந்துபட்ட புல்லைப் பார்த்த மாத்திரத்தில் யாராலும் இனங்காண முடியாது.

மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைக்காக 2023 செப்டெம்பரில் போராட்டத்தில் இறங்கிய மட்டக்களப்புப் பண்ணையாளர்களோடு நாம் நிற்கிறோம். அங்கே பெரும் மந்தைகள், இங்கே கட்டுத்தறியில் ஓரிரு மாடுகள். கேட்பது இரு இடத்திலும் நிலத்தின் மீதான உறுதியைத்தான்.

பத்திரங்கள் கைக்கு வரும்வரை, எந்தத் தோட்டத்திலும் எந்தப் பட்டியையும் உடைக்கக்கூடாது எனக் கோருகிறோம்.