தண்ணீருக்குள் எட்டும் ஏணி

பாக்கு நீரிணையை 1954 இல் நீந்திக் கடந்த நவரத்தினசாமியும், 1971 இல் அதைப் போய்த் திரும்பவும் நீந்திய வல்வெட்டித்துறை ஆனந்தனும் பிறந்த மண் யாழ்ப்பாணக் குடாநாடு. ஆனாலும் நல்ல நீச்சல்காரரும் திணறுகிற இடம் ஒன்று கடலில் உண்டு. நடுக்கடல் அல்ல, இறங்குதுறையின் விளிம்பு. மணற்கரை என்றால் தவழ்ந்தாவது ஏறிவிடலாம். முழங்கை உயரத்துக்கு நிற்கும் கொங்கிறீற்றிலோ பலகையிலோ, ஊறிய உடுப்போடு, கால் ஊன்ற இடமில்லாமல் கைப்பலத்தால் மட்டும் ஏறுவது இளைஞருக்கே கடினம்.

நயினாதீவுக்குப் படகேறும் குறிகட்டுவான் துறையில் ஆனி மாதத்து நெரிசலைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குச் சனம் அள்ளுப்படும். படகு அலையில் ஏறி இறங்க, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, இடுப்பில் பிள்ளையோடு ஒரு கால் துறையிலும் மறு கால் படகிலுமாக நிற்கும் அந்த ஒரு நொடிதான் ஆபத்தானது. படகுப் பாதுகாப்பு என்றாலே உயிர்காப்பு அங்கியைப் பற்றித்தான் பேச்சு. அது அவசியம்தான். ஆனால் அங்கி ஆளை மிதக்க வைக்குமே தவிர, மேலே ஏற்றிவிடாது.

ஏற்றிவிடுவது ஏணி. ஒரு துறையைக் கட்ட ஆகும் செலவில் அதன் விலை கணக்கிலேயே வராது. அதனாலோ என்னவோ, கடைசி நாளில் பட்டறையில் சொல்லி இரும்புக் குழாயில் ஒட்டி மாட்டுகிற பொருளாகவே பலரும் அதை நினைக்கிறார்கள். அது பிழையான நினைப்பு.

ஏணி எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பதை முதலில் கடல் மட்டம்தான் முடிவு செய்கிறது. கடலின் வத்தும் பெருக்கும் குடாநாட்டில் சிறியவை. ஒரு மீற்றருக்கும் குறைவு. லண்டனில் தேம்ஸ் ஆறு ஒரே நாளில் ஆறேழு மீற்றர் ஏறி இறங்குவதால், அங்கே படகேறும் துறைகளே மிதக்கின்றன. கரையோடு இணைக்கும் பாலம் வத்துக்குச் சரிந்து, பெருக்குக்கு நிமிரும். நமக்கு அந்தச் சிரமம் இல்லையே என்று தோன்றலாம். ஆனால் மாரியில் கடல் மட்டம் உயர்வதும், காற்று தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வருவதும் சேரும்போது, நிலையான துறையில் பங்குனியில் எட்டிய படி கார்த்திகையில் மூழ்கிக் கிடக்கலாம். மிதக்கும் துறையில் இந்தத் தொல்லை இல்லை. துறையும் தண்ணீரோடு ஏறி இறங்குவதால் பலகைக்கும் நீருக்கும் உள்ள உயரம் மாறாது; ஏணியின் நீளத்தை ஒரு தடவை கணக்கிட்டால் போதும்.

ஆனால் மிதக்கும் துறைக்கும் அதற்கே உரிய தொல்லைகள் உண்டு. யாழ்ப்பாணக் கடல்நீரேரியின் பெரும்பகுதி ஆழமற்றது. வத்து நேரத்தில் துறை இறங்க, நீளமான ஏணியின் கால் சேற்றில் குத்தும். துறையின் பாரம் முழுதும் அதன்மேல் விழுந்து ஏணி வளையும், இல்லையென்றால் ஆணி பிடுங்கும். அதற்காகக் குட்டையாக வெட்டினால் தண்ணீரில் கிடப்பவரின் கால் படியைத் தேடித் துழாவும். நீர்மட்டத்துக்குக் கீழே மூன்று நான்கு படியாவது இருக்க வேண்டும். ஆழம் போதாத இடத்தில் கீல் வைத்து மடக்கித் தூக்கும் ஏணி நல்லது. தூக்கி வைத்தால் கொட்டலசும் பாசியும் பிடிப்பதும் குறையும். கொட்டலசு பிடித்த படி வெறுங்காலைக் கத்தியாய்க் கிழிக்கும்.

ஆனால் மடக்கு ஏணியைத் தண்ணீரில் இருப்பவரே இழுத்து இறக்க முடிய வேண்டும். மேலே நிற்கும் ஒருவர் வந்து கொக்கியைக் கழற்ற வேண்டுமென்றால், ஆளில்லாத இரவில் அது வெறும் அலங்காரம்.

இன்னொன்று, துறைக்கு அடியில் மிதவைகளின் இடைவெளி. ஏணி செங்குத்தாகத் துறையை ஒட்டித் தொங்கினால், ஏறுபவரின் கால்கள் அடிப்பக்கம் போய்விடும். உடல் பின்னால் சாயும். ஏணி சற்று வெளியே தள்ளி, கொஞ்சம் சாய்ந்து நிற்க வேண்டும். உருண்டைக் குழாய்ப் படி பாதத்தை வெட்டும், வழுக்கும். தட்டையான அகலப் படி வேண்டும். கைப்பிடி பலகைக்கு மேலே எழும்பி நிற்காவிட்டால், கடைசிப் படி வரை ஏறியவர் பிடிக்க எதுவுமின்றித் திரும்ப விழுவார்.

உப்புக்காற்றில் சாதாரண இரும்பு எத்தனை காலம் தாங்கும் என்பது நம் கடற்கரை வீட்டு யன்னல் கம்பியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நாகம் பூசிய இரும்பு கொஞ்சம் கூடத் தாங்கும். கடலுக்கு ஏற்றது 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு. அதில் சேர்க்கப்படும் மொலிப்டினம் உப்பைச் சமாளிக்கும். அலுமினியம் பாரம் குறைவு, ஆனால் அதில் எஃகு ஆணியை நேரடியாகப் பூட்டினால் உப்புநீரில் அலுமினியம் அரிக்கப்படும். ஆணி பலகையில் அல்ல, துறையின் சட்டகத்தில் இறங்க வேண்டும்.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே ஓடிய ‘பாதை’ என்னும் மிதவைப் படகைக் கண்டு வளர்ந்த நமக்கு மிதக்கும் மேடை புதிதல்ல. அது கவிழ்ந்தால் என்ன ஆகும் என்பதை 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் கண்டோம். பாடசாலைப் பிள்ளைகளும் அதில் பலியானார்கள். அந்த விபத்துக்கு ஏணி மருந்தல்ல. ஆனால் தண்ணீரில் விழுந்தவர் என்ன செய்வார் என்ற கேள்வியை நாம் எப்போதும் விபத்துக்குப் பிறகுதான் கேட்கிறோம்.

ஆகவே தீவுப்பகுதியில் புதிதாக எந்தத் துறை போட்டாலும், உல்லாசப் பயணிகளுக்கான தனியார் துறை உட்பட, விலைமனுவிலேயே ஏணி தனி உருப்படியாக இருக்க வேண்டும். படகு அணையும் பக்கத்தில் அதை வைக்கக் கூடாது. படகுக்கும் துறைக்கும் நடுவில் ஆளும் ஏணியும் நசுங்கும். பொறுப்பேற்கும் நாளில் பொறியியலாளர் அளவுகோலோடு மட்டும் வந்தால் போதாது. உயிர்காப்பு அங்கியும் முழு உடுப்புமாக ஒருவரைக் கடலில் இறக்கி, யாருடைய கையும் படாமல் அவர் ஏறி வருகிறாரா என்று பார்த்த பிறகே ஒப்பந்தக்காரருக்குக் கடைசிக் காசைக் கொடுக்க வேண்டும்.