நூலகத்துக்குப் பொன்னாடை போர்த்தாதீர்கள்

2025 ஒக்டோபரில் எங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் வாசிப்பு மாத விழா நடந்தது. கிராஅத், வரவேற்புரை, தலைமையுரை எல்லாம் வழமைபோல் முடிந்தபின் வாசகர் வட்டத்தைச் சேர்ந்த எங்கள் ஆறு பேரையும் மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். அடுத்துப் பேச வந்த பிரமுகர், "இப்படிப்பட்ட தொண்டர்கள் இருக்கும் வரைக்கும் இந்த நூலகத்துக்கு ஒரு குறையும் வராது" என்றார். மண்டபம் கைதட்டியது. ஊரின் எழுத்தாளர்களும் கவிஞர்களும் முன்வரிசையில் இருந்தார்கள். அவர்களும் தட்டினார்கள்.

அந்த வசனத்தை மறுப்பதற்காகவே இதை எழுதுகிறேன். இந்த நூலகத்துக்குக் குறைகள் நிறையவே உண்டு. நாங்கள் அவற்றின் முன்னால் நின்று மறைத்துக்கொண்டிருக்கிறோம். அதற்குத்தான் எங்களுக்குப் பொன்னாடை.

பத்திரிகைகளின் கதையை எடுத்துக்கொள்வோம். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் கடதாசி விலை ஏறியபோது எங்கள் சபை முதலில் நிறுத்தியது நூலகத்துக்கு வரும் பத்திரிகைகளைத்தான். நாடே வரிசையில் நின்ற காலம் அது. நாங்கள் யாரையும் குறை சொல்லவில்லை. "நிலைமை சீராகும்வரை நாம் வாங்கிப் போடுவோம்" என்று வட்டத்தில் முடிவெடுத்து மாதாமாதம் காசு சேர்த்தோம். 2023 மார்ச்சில் நாடெங்கும் உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் பத்திரிகையைப் பற்றிக் கேட்டால், "இப்போது சபை இல்லையே சேர், தேர்தல் வரட்டும்" என்றார்கள். அதையும் ஏற்றுக்கொண்டோம். 2025 மே மாதம் தேர்தல் நடந்தது. புதிய சபை வந்தது. போய்க் கேட்டோம். "அதைத்தான் வாசகர் வட்டம் அழகாகச் செய்கிறதே!" என்று சிரித்துக்கொண்டே பதில் வந்தது.

மூன்று வருடங்களில் எங்கள் தற்காலிக உதவி சபையின் நிரந்தர ஏற்பாடாகிவிட்டது. நாங்கள் ஒரு மாதம் காசு கொடுக்கத் தவறினால், "வட்டம் இந்த முறை பேப்பர் போடவில்லையே" என்று ஊரார் எங்களைத்தான் கேட்கிறார்கள். சபையை எவரும் கேட்பதில்லை. பிழை எங்களிலும் உண்டு. நல்ல காரியம் செய்கிறோம் என்ற மயக்கத்தில், யாருடைய கடமையைச் செய்கிறோம் என்பதை எழுத்தில் ஒருநாளும் கேட்காமல் விட்டோம்.

இதைவிடக் கசப்பான அனுபவம் சனிக்கிழமைக் கதை நேரம். எங்கள் ஊரில் பெண் பிள்ளைகள் ஏழாம் எட்டாம் தரத்துக்கு வந்ததும் நூலகப் பக்கம் வருவது குறைந்துவிடும். நூலகம் திறந்திருக்கும் நேரத்தில் அவர்கள் பாடசாலையில் இருப்பார்கள். பாடசாலை விட்டால் பிரத்தியேக வகுப்பு. அதன் பிறகு ஆண்கள் நிறைந்த வாசிப்பு அறைக்குள் தனியே வர உம்மாமார் விடமாட்டார்கள். உயர்தரம் எழுதிவிட்டு வீட்டிலிருந்த ஒரு தங்கை எங்களிடம் வந்து, "சனிக்கிழமை காலையில் இரண்டு மணித்தியாலம் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் தாருங்கள் சேர், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றாள். முதல் வாரம் நான்கு பிள்ளைகள். மூன்று மாதத்தில் பாய் விரித்து இருத்த வேண்டிய அளவுக்குக் கூட்டம். பிள்ளைகளை விட வந்த உம்மாமார் சிலர் தாங்களும் புத்தகம் எடுத்துக்கொண்டு போகத் தொடங்கினார்கள்.

ஒன்றரை வருடத்தில் அந்தத் தங்கைக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்தது. அல்ஹம்துலில்லாஹ், எங்களுக்கெல்லாம் சந்தோஷம். அடுத்த சனிக்கிழமை கதவடியில் நின்ற பிள்ளை ஒன்று என்னிடம் கேட்டது: "சேர், இனி ராத்தா வரமாட்டாவா?" நான் என்ன சொல்வது? அந்த இடத்துக்கு இன்னொரு பெண்ணைத் தேடினோம். கிடைக்கவில்லை. கதை நேரம் நின்றது. பிள்ளைகளும் நின்றார்கள்.

தொண்டின் இயல்பு இதுதான். அது ஓர் ஆளோடு வரும், அந்த ஆளோடு போகும். ஒரு பதவி அப்படியல்ல. ஆள் மாறுவார், பதவி இருக்கும், பிள்ளைகளுக்குக் கதவும் திறந்திருக்கும். சனிக்கிழமை காலைக்கு ஒரு பெண் உதவியாளரைச் சபை நியமித்திருந்தால் அந்தத் தங்கை தொடக்கியது இன்றும் நடந்துகொண்டிருக்கும். எங்களால் விதை போட முடியும். முப்பது வருடம் தண்ணீர் ஊற்ற முடியாது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நூலக வேலை எங்களுக்குத் தெரியாது. நான் ஆசிரியர் கலாசாலையில் பயின்றவன். பிள்ளைக்கு எழுத்தறிவிக்கத் தெரியும். டூயி தசமப் பகுப்பு அங்கு எனக்குச் சொல்லித் தரப்படவில்லை. நூலகர் வெற்றிடம் நிரப்பப்படாத காலத்தில் அலுமாரிகளை அடுக்கியவர்கள் நாங்கள். பின்னர் விஷயம் தெரிந்த ஒருவர் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். நம்மவர்களின் சிறுகதைத் தொகுதிகளும் கவிதை நூல்களும் 297 என்ற இலக்கத்தின் கீழ் மார்க்க நூல்களோடு நின்றன. 297 இஸ்லாத்துக்குரிய இலக்கம். தமிழ் இலக்கியத்துக்கு உரியது 894.811. அட்டையில் முஸ்லிம் பெயரைக் கண்டதும் மார்க்க நூல் என்று தள்ளிவிட்டிருக்கிறோம்! தமிழ் இலக்கிய வரலாற்றில் நமக்குரிய இடத்தை மற்றவர்கள் தருவதில்லை என்று இத்தகைய சஞ்சிகைகளில் எத்தனை கட்டுரைகள் எழுதினோம்? நம் ஊர் நூலகத்தில் நம் கையாலேயே நம் எழுத்தாளர்களைத் தமிழ் இலக்கிய அலுமாரியிலிருந்து இறக்கிவைத்தோம். கொழும்புப் பொது நூலகத்தின் நூலகராக இருந்த எஸ். எம். கமால்தீன் போன்ற அறிஞரைத் தந்த சமூகம் இது. நூலகம் ஒரு துறை என்பதும், அதற்குப் படித்த ஆள் வேண்டும் என்பதும் நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தரத் தேவையில்லை.

விழா மேடைகளில் பக்தாதின் பைத்துல் ஹிக்மாவைப் பேசாதவர் கிடையாது. கொர்தோபாவின் நூலகமும் வந்துபோகும். பேசுங்கள், பெருமைப்பட வேண்டிய வரலாறுதான். ஆனால் அந்த வரலாற்றை முழுமையாகப் பேசுங்கள். கலீபா மஃமூனின் காலத்தில் மொழிபெயர்ப்பாளர்களும் அறிஞர்களும் அரச ஆதரவில் ஊதியம் பெற்று வேலை செய்தார்கள். கொர்தோபாவில் நூல்களைத் தேடித்தேடி வாங்கியவர் ஆட்சியாளரான இரண்டாம் ஹகம். தனவந்தர்கள் கட்டிய நூலகங்களுக்கு வக்பு சொத்துகளின் வருமானம் இருந்தது. அந்த வருமானத்தில் நூல் காப்பவருக்குச் சம்பளம் கொடுக்கப்பட்டது. நிலையான தர்மம் என்பதை நம் முன்னோர் அப்படித்தான் விளங்கினார்கள்: நன்மை நிலைக்க வேண்டுமானால் அதற்கு நிலையான வருமானம் வேண்டும். பொன்னாடையைப் பற்றி அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

நமது நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் தொடக்கம் 1933இல் க. மு. செல்லப்பா தமது வீட்டிலிருந்து நூல்களை இரவல் கொடுத்ததுதான். 1934இல் ஊரவர்கள் கூடி, சிறிய வாடகை அறையொன்றில் அதை நூலகமாக்கினார்கள். தொண்டர்களின் வேலை அது. பின்னர் உள்ளூராட்சி மன்றம் அதைத் தன் பொறுப்பில் எடுத்தது. 1959இல் அதன் பெரிய கட்டடம் திறந்துவைக்கப்பட்டது. 1981இல் அது எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் இருந்தன. தொண்டர் தொடங்கினார், மன்றம் பொறுப்பேற்றது, நூலகம் வளர்ந்தது. எங்கள் ஊரில் இது தலைகீழாக நடக்கிறது. மன்றம் தொடங்கிய நூலகத்தைத் தொண்டர் தலையில் இறக்கிவைக்கிறார்கள்.

"சபையிடம் பணமில்லை" என்பார்கள். சந்தைக் குத்தகைப் பணம் வருகிறது, ஆதன வரி வருகிறது, வியாபார அனுமதிப் பத்திரக் கட்டணம் வருகிறது. குறைவாகவே வரலாம். குறைந்த வருமானத்திலும் விழாவுக்குப் பந்தல், ஒலிபெருக்கி, பொன்னாடை எல்லாம் வாங்க முடிந்தது. அந்த ஒரு நாள் செலவில் பல மாதங்களுக்குப் பத்திரிகை வாங்கியிருக்கலாம். எனவே பணத்தைப் பற்றிய கேள்வி இரண்டாவது. முதற் கேள்வி, வரவு செலவுத் திட்டத்தில் நூல் வாங்குவதற்கென்று எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது என்பது. இக்கேள்வியைத் தேர்தல் காலத்தில் எந்த வேட்பாளரிடமாவது நம்மில் எவர் கேட்டார்?

இனி, முன்வரிசையில் இருந்த என் எழுத்தாள நண்பர்களிடம் வருகிறேன். கோபிக்க வேண்டாம். உங்கள் நூல் வெளியீடுகள் பலவும் இதே நூலக மண்டபத்தில்தான் நடந்தன. கதிரை அடுக்கியவர்கள் நாங்கள், தேநீர் கொடுத்தவர்கள் நாங்கள். முதற்பிரதி புரவலருக்கு. சிறப்புப் பிரதிகள் அரசியல்வாதிக்கும் அதிகாரிக்கும். அவற்றில் எத்தனை வாசிக்கப்பட்டன என்பது உங்களுக்கும் தெரியும். விழா முடிந்து மண்டபத்தைக் கூட்டும்போது, இந்த நூலகத்துக்கென்று ஒரு பிரதியாவது வைத்துவிட்டுப் போனவர்களை விரல் விட்டு எண்ணலாம். பிறகு, "நமது சமூகத்தில் வாசகர் இல்லை" என்று சஞ்சிகையில் எழுதுகிறீர்கள். வாசகி ஒருத்தி சனிக்கிழமை காலையில் பாயில் இருந்தாள். அவளுக்கு உங்கள் புத்தகமும் கிடைக்கவில்லை, இப்போது பாயும் இல்லை.

நான் கேட்பது அதிகமில்லை. வெளியீட்டு விழா வைப்பவர் இரண்டு பிரதிகளை நூலகத்தின் பேரேட்டில் பதிந்து கொடுக்கட்டும். வருடத்தில் ஒரு சனிக்கிழமை வந்து பிள்ளைகளுக்கு ஒரு கதை வாசிக்கட்டும். சபையின் பாதீட்டுக் காலத்தில் எங்களோடு ஒரு கடிதத்தில் கையொப்பமிடட்டும்: நூலகர் வெற்றிடத்தை நிரப்பு, நூல் வாங்கப் பணம் ஒதுக்கு, சனிக்கிழமைக்குப் பெண் உதவியாளர் ஒருவரை நியமி. எங்கள் ஆறு பேரின் ஒப்பத்தைவிட, பெயர் தெரிந்த இருபது எழுத்தாளர்களின் ஒப்பம் கனமானது.

நாங்கள் வேலையை விட்டுவிடப் போவதில்லை. விட்டால் நட்டம் பிள்ளைகளுக்கு. ஆனால் வேலை செய்யும் முறையை மாற்றிவிட்டோம். இப்போது எங்களிடம் ஒரு கொப்பி இருக்கிறது. யார் எந்த நாளில் எத்தனை மணித்தியாலம் இருந்தார், பத்திரிகைக்கு எவ்வளவு கொடுத்தார், எரிந்த மின்குமிழை யார் மாற்றினார் என்பதெல்லாம் அதில் திகதியோடு எழுதப்படுகிறது. பக்கத்தின் தலைப்பில் இரண்டு சொற்கள்தான்: சபையின் கடன்.

அடுத்த வாசிப்பு மாதத்தில் எங்களை மேடைக்கு அழைத்தால் வருவோம். பொன்னாடையை மடித்து வைத்துவிட்டு அந்தக் கொப்பியைக் கையில் வாங்கி, அதிலுள்ளதைச் சபையோர் முன் வாசிக்க ஒருவர் எழுந்து வரட்டும். அப்போது நானும் கைதட்டுவேன்.