அரைச் சண்டைக்காரன் என்று ஒரு மீன் கிடையாது

‘செமி அக்ரசிவ்’ என்று ஒரு சொல் மீன் கடைகளில் புழங்குகிறது. தொட்டியின் மேல் ஒட்டிய சீட்டில் எழுதியிருக்கும். தமிழில் சொன்னால் அரைச் சண்டைக்காரன். காலையில் சண்டை போட்டுவிட்டு மாலையில் சமாதானம் ஆகிவிடுமா? பாதி உடம்பை மட்டும் கடிக்குமா? கேட்டால், “ஒண்ணும் பண்ணாதுங்க ஐயா, எல்லாம் பழகிடும்” என்பார்கள். இந்தப் ‘பழகிடும்’ என்ற ஒரு வார்த்தையை நம்பிச் செத்த மீன்களுக்குக் கணக்கே கிடையாது.

பணி ஓய்வு பெற்ற நம்மவர்கள் பலர் வீட்டில் இப்போது மீன் தொட்டி இருக்கிறது. பேரப் பிள்ளைகள் கேட்டார்கள் என்று வாங்குகிறோம். பிறகு பார்த்துக்கொள்வது நாம்தான். அதனால் இந்த விஷயத்தைக் கொஞ்சம் காரமாகவே பேச வேண்டியிருக்கிறது.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். சின்ன வகுப்பில் ‘லெஸோன் த ஷோஸ்’ என்று ஒரு பாடவேளை உண்டு. ஒரு இலையையோ பூச்சியையோ மேஜை மேல் வைத்து, முதலில் பார், பிறகு பேர் சொல் என்பார்கள். மீன் கடையில் இது தலைகீழ். சீட்டில் பேர் எழுதியாகிவிட்டால் பார்க்க வேண்டியதே இல்லை. பார்த்தால் தெரியும், அந்த ஒரே சீட்டுக்குக் கீழே மூன்று விதமான சண்டை இருக்கிறது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

முதலாவது, நிலச் சண்டை. சிக்ளிட் குடும்பத்து மீன்கள் இந்த வகை: கன்விக்ட், ஏஞ்சல், நம் நாட்டு ஆரஞ்சு குரோமைடு. முட்டையிடும் காலத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு யாரையும் அண்ட விடாது. ரெட் டெயில் ஷார்க் என்று விற்கிறார்களே, அதற்கு முட்டைக் காலம்கூட வேண்டாம். அது சுறா இல்லை, கெண்டைக் குடும்பம். தன் இனத்தில் இன்னொன்றைக் கண்டாலே துரத்தும். ஆகவே தொட்டிக்கு ஒன்றுதான்.

இரண்டாவது, கூட்டம் குறைந்ததால் வரும் சண்டை. டைகர் பார்ப் இதற்கு உதாரணம். சுமத்ரா, போர்னியோ பக்கத்து மீன். இரண்டு மூன்று மட்டும் விட்டால், நீளத் துடுப்புள்ள மீன்களின் வாலைக் கடித்துக் கந்தலாக்கும். எட்டு, பத்தாக விட்டால் தங்களுக்குள்ளேயே துரத்தி விளையாடும். மற்றவர் மேல் கவனம் குறையும்.

மூன்றாவது, ஆண்களுக்குள் வரும் சண்டை. குராமி, ஃபைட்டர், பாரடைஸ் மீன் எல்லாம் இதில் சேரும். ஓர் ஆணோடு சில பெண்கள் இருந்தால் பெரும்பாலும் குடித்தனம் நடக்கும். இரண்டு ஆண் இருந்தால் ஒன்று மூலையில் ஒண்டிக்கொண்டு, தீனி எடுக்காமல், நாலைந்து வாரத்தில் போய்ச் சேரும். ஃபைட்டரில் பெண்ணைக்கூட ஆணோடு நிரந்தரமாக விடக் கூடாது.

இப்போது சொல்லுங்கள். ஒரு மீனுக்கு உறவுக்காரர் நிறைய வேண்டும். இன்னொன்றுக்கு உறவுக்காரரே கூடாது. மூன்றாவதற்குப் போட்டி ஆண் கூடாது. மூன்றுக்கும் ஒரே சீட்டு! ஆஸ்பத்திரியில் எல்லா நோயாளிக்கும் ‘அரைச் சுகக்கேடு’ என்று எழுதிக் கொடுத்து அனுப்பினால் ஒப்புக்கொள்வோமா?

கடைக்காரத் தம்பிமார்கள் ஒரு வாதம் வைத்திருக்கிறார்கள். “குளத்துல எல்லா மீனும் ஒண்ணாத்தானேங்க இருக்கு?” நியாயமான கேள்விதான், பதில் சொல்லிவிடுகிறேன். குளத்தில் தோற்றவன் ஓடிவிடலாம். இரண்டு அடிக் கண்ணாடிக்குள் எங்கே ஓடுவது?

குளத்து ஒற்றுமையும் நாம் நினைக்கிற மாதிரி இல்லை. மலையாளத்தில் கரிமீன் என்று கொண்டாடுவது பச்சைக் குரோமைடு. பள்ளத்தி என்பது அதன் சின்ன உறவான ஆரஞ்சு குரோமைடு. இரண்டும் நம் நாட்டுக் கழிமுகங்களிலும் இலங்கையிலும் சேர்ந்தே வாழ்கின்றன. இலங்கையில் ஆய்வாளர்கள் பார்த்ததில், சின்னது பெரியதன் உடம்பில் உள்ள ஒட்டுண்ணியைக் கொத்தி எடுத்து வைத்தியம் செய்கிறது. அதே சின்னது, சமயம் கிடைத்தால் பெரியதன் முட்டையையும் குஞ்சையும் தின்கிறது. வைத்தியரும் திருடரும் ஒரே ஆள். இப்படிப்பட்ட உறவு நடக்க அகலமான தண்ணீர் வேண்டும். கூடத்து மேஜைத் தொட்டி அதற்குப் போதாது.

அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்த காலத்தில் வரப்புத் தகராறு மனுக்களை நிறையப் படித்திருக்கிறேன். இரண்டு நல்ல மனிதர்களுக்கு நடுவே அளக்காத நிலத்தை வையுங்கள், ஆறு மாதத்தில் மனு வந்துவிடும். ஆகவே தொட்டியையும் முதலில் அளக்க வேண்டும். ஒரு கன அடிக்கு 28 லிட்டர். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் என்றால் 56 லிட்டர். மணல், கல், மேலே விடும் இடைவெளி போகக் கையில் நிற்பது 45 லிட்டர்தான். இதில் எந்தக் கூட்டணியும் வேண்டாம். ஒரு ஆண் ஃபைட்டர், அல்லது ஒரு பாரடைஸ் மீன், தனியாக ராஜா மாதிரி இருக்கட்டும். பாரடைஸ் மீனுக்கு ஒரு பெருமை உண்டு. 1869-ல் சீனாவிலிருந்து பாரிசுக்குக் கொண்டுபோய், கார்போனியே என்பவர் அங்கே குஞ்சு பொரிக்க வைத்தார். ஐரோப்பிய வீடுகளில் வெப்பநாட்டு மீன் வளர்க்கும் பழக்கத்துக்கு அது ஒரு தொடக்கம்.

3 அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றரை அடி உயரம் இருந்தால் ஏறக்குறைய 160 லிட்டர். இங்கேதான் தேர்வுக்கே இடம் வருகிறது. என் விதி ஒன்றே ஒன்று: ஒரு தொட்டிக்கு ஒரு மிராசுதார். அடித்தரையைச் சொந்தம் கொண்டாடுகிற மீன் ஒரு ஜோடி மட்டும். மற்றவை நிலம் கேட்காத, மேல்மட்டத்தில் வேகமாக நீந்துகிற, வாயில் அடங்காத அளவுள்ள மீன்களாக இருக்க வேண்டும். ஆரஞ்சு குரோமைடு ஒரு ஜோடியும், ஜெயண்ட் டேனியோ ஆறேழும் இப்படிப் பொருந்தும். இல்லையென்றால் டைகர் பார்ப் பத்து மட்டும். இல்லையென்றால் பேர்ல் குராமி ஓர் ஆண், மூன்று பெண், மேலே மிதக்கும் செடி. இந்த மூன்றில் ஏதாவது ஒன்று. மூன்றையும் கலந்து வண்ணமயமாக்குகிறேன் என்று கிளம்பாதீர்கள்.

மிராசுதாரைக் கடைசியில் விடுங்கள். முதலில் விட்டால் தொட்டி முழுவதும் தன் பட்டா என்று நினைத்துக்கொள்ளும். பிறகு புதிய மீன் சேர்க்க நேர்ந்தால், கற்களை இடம் மாற்றி வைத்துவிட்டுச் சேருங்கள். பழைய எல்லை அழிந்துபோகும். ஒரு மீனின் பார்வை இன்னொன்றின் மேல் படாதபடி கல்லோ கட்டையோ நடுவில் இருக்க வேண்டும். வயலுக்கு வரப்பு எப்படியோ அப்படி.

ஊரையும் பார்த்து வாங்க வேண்டும். கோடியக்கரைப் பக்கம் பல கிணறுகளில் தண்ணீர் உப்புக் கரிக்கும். ஆரஞ்சு குரோமைடுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, உவர்நீரிலும் பிறந்து வளர்கிற மீன் அது. அமேசான் காட்டு மென்னீர் மீனை இந்தத் தண்ணீரில் விட்டுவிட்டு, ‘ராசியில்லை’ என்று சொல்வதில் அர்த்தமில்லை. கரண்ட்டையும் யோசிக்க வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா வந்ததே, அதற்குப் பிறகு எத்தனை நாள் இருட்டில் இருந்தோம் என்பது உங்களுக்குத் தெரியும். காற்று மோட்டார் நின்றால், நெருக்கமான தொட்டியில் மற்ற மீன்கள் திணறும். குராமி, ஃபைட்டர், பாரடைஸ் ஆகியவை மேலே வந்து நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கும். நம் பனையேறிக் கெண்டையும் அதே கூட்டம்தான். 1791-ல் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களிடம் வேலை பார்த்த டால்டார்ஃப் என்பவர் அதைப் பனைமரத்தில் பிடித்ததாக எழுதினார். 1797-ல் லண்டன் லின்னேயன் சங்கம் அதை அச்சிட்டது. அதற்காகப் பனையேறியைப் பிடித்துத் தொட்டியில் போடாதீர்கள். சின்ன மீனை விழுங்கும், மூடி இல்லாவிட்டால் கூடத்தில் நடக்கும்.

இனி வாஸ்து மீனுக்கு வருகிறேன். ஃப்ளவர்ஹார்ன் என்பது மலேசியாவில் 1990-களில் மனிதர்கள் கலப்பினம் செய்து உருவாக்கிய மீன். எந்த சாஸ்திரத்தில் அது இருக்க முடியும்? தலையில் வீக்கம் பெருக்கப் பெருக்க வீட்டில் பணம் பெருகும் என்று சொல்லி, ஆயிரக் கணக்கில் விலை வைக்கிறார்கள். ஓரடி வளரக்கூடிய மீன், தொட்டியில் வேறு எதையும் விட்டுவைக்காது. ஆஸ்காரும் அப்படித்தான்: கடையில் விரல் நீளம், ஒரு வருஷத்தில் முழங்கை நீளத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். அதற்கும் ‘செமி அக்ரசிவ்’ சீட்டுத்தான்.

வளர்ந்த பிறகு என்ன செய்கிறார்கள்? என் ஆத்திரமெல்லாம் இங்கேதான். கொல்ல மனசு வரவில்லை, பாவம் என்று சொல்லி, ஒரு வாளியில் எடுத்துப்போய்க் கோயில் குளத்திலோ வாய்க்காலிலோ விட்டுவிடுகிறார்கள். அதைப் புண்ணியம் என்று வேறு நினைக்கிறார்கள். ஜிலேபி கெண்டை 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதுவும் சிக்ளிட் குடும்பம்தான், ஆஸ்காருக்குப் பங்காளி. இன்று டெல்டாவில் அது இல்லாத குளத்தைக் காட்டுங்கள் பார்க்கலாம். தொட்டிப் பாசியைத் தின்னும் என்று விற்கிற, உடம்பெல்லாம் கவசம் போட்ட சக்கர் மீனும் இப்போது தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகிவிட்டது. வலையில் மாட்டினால் வலையைக் கிழிக்கும், வாங்க ஆளில்லை. அதை ஆற்றில் கொண்டுவந்து விட்டது மீனவர் அல்லர், ஆசைக்கு மீன் வளர்த்தவர்கள்.

நாம் இருக்கும் இடம் சாதாரண இடமில்லை. 1967-லேயே கோடியக்கரை சரணாலயமாக்கப்பட்டது. 2002-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. எங்கிருந்தெல்லாமோ பறவைகள் நம்பி வருகிற தண்ணீர் இது. அதில் தொட்டி மீனைக் கொட்டுவதற்கு நமக்கு யார் உரிமை கொடுத்தது?

கொளத்தூரிலும் மற்ற ஊர்களிலும் பல குடும்பங்கள் வண்ணமீன் வளர்த்துப் பிழைக்கின்றன. அவர்கள் வயிற்றில் அடிக்க நான் சொல்லவில்லை. பிழைத்திருக்கிற மீனுக்குத்தான் தீனி வாங்க மறுபடி கடைக்குப் போவோம். ஆகவே அடுத்த முறை போகும்போது கடைக்காரத் தம்பியிடம் நாலு கேள்வி கேளுங்கள். இது முழுதாக வளர்ந்தால் எத்தனை அங்குலம்? இது சண்டை போடுவது நிலத்துக்கா, கூட்டம் போதாமலா, போட்டி ஆணாலா? இதன் இனத்தில் எத்தனை சேர்த்து விட வேண்டும்? எனக்குக் கட்டுப்படியாகாமல் போனால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா? நாலுக்கும் பதில் சொல்கிறவரிடம் வாங்குங்கள். ‘பழகிடும்’ என்று மட்டும் சொன்னால், பையைக் கீழே வைத்துவிட்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுங்கள்.