சோலார் வாட்ச் வாங்கலாம், ரேடியோ வாட்ச் வேண்டாம்

தினமும் கட்டிக்கொள்ள ஒரு நல்ல வாட்ச் தேடுகிறீர்களா? தேடும்போது ஒரு வகை கண்ணில் படாமல் இருக்காது. "சோலார், ரேடியோ கன்ட்ரோல்டு" என்று போட்டிருக்கும். பேட்டரி மாற்ற வேண்டாம், நேரமும் திருத்த வேண்டாம், அணுக் கடிகாரத்தைப் பார்த்து தானே சரிசெய்துகொள்ளும் என்பார்கள். கேட்கவே ஆசையாகத்தான் இருக்கிறது! ஆனால் அனகாபுத்தூரிலிருந்து பல்லாவரம் போய் மின்சார ரயில் பிடிக்கிற என்னைப் போன்ற மாணவர்களுக்கு இதில் சோலார் மட்டுமே பயன்படும். ரேடியோவுக்குக் கொடுக்கிற காசு வீண் என்பது என் கருத்து.

ஏன் என்று சொல்கிறேன். ரேடியோ வாட்ச் தானாக நேரத்தைக் கண்டுபிடிப்பதில்லை. எங்கோ ஒரு நிலையம் நீண்ட அலையில் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். வாட்ச்சுக்குள் இருக்கும் சின்ன ஆன்டெனா, பெரும்பாலும் இரவில், அதைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும். 1990-ல் ஜெர்மனியின் ஜங்கன்ஸ் நிறுவனம்தான் இப்படிப்பட்ட முதல் கைக்கடிகாரத்தைக் கொண்டுவந்தது. இன்று விற்கும் வாட்ச்கள் கேட்கக்கூடிய நிலையங்கள் ஜப்பானில் இரண்டு (40, 60 கிலோஹெர்ட்ஸ்), அமெரிக்காவின் ஃபோர்ட் காலின்ஸ், இங்கிலாந்தின் ஆன்தார்ன், ஜெர்மனியின் மைன்ஃபிளிங்கன், சீனாவின் ஷாங்சியூ. அவ்வளவுதான்.

இந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. நம் நாட்டு நேரத்தை டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் அணுக் கடிகாரங்களை வைத்துக் காக்கிறது. ஆனால் கைக்கடிகாரம் கேட்கும்படியான நீண்ட அலை நிலையம் இங்கே கிடையாது. இருப்பதில் நமக்குப் பக்கம் சீன நிலையம். அதுவும் சென்னையிலிருந்து சுமார் 4,000 கிலோமீட்டர்! அந்த அலை சுமார் 1,500 கிலோமீட்டர் வரை எட்டும் என்றுதான் கையேடுகளே சொல்கின்றன. பல மாடல்களில் சொந்த ஊராக டெல்லியைத் தேர்ந்தெடுத்தால் வாட்ச் அலையைத் தேடுவதே இல்லை.

இத்தனைக்கும் நேரம் சொல்வதில் நம் சென்னைக்குப் பெரிய வரலாறு உண்டு. 1792-ல் நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வு நிலையம் வந்தது. அங்கே கணக்கிட்ட "மெட்ராஸ் டைம்" படிதான் ஒரு காலத்தில் இந்திய ரயில்கள் ஓடின. 1906-ல் இந்தியப் பொது நேரம் வந்த பிறகுதான் அது மாறியது. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, எட்டாத சீன அலைக்காகக் காசு கொடுப்பானேன்?

சரி, அலை இல்லாவிட்டால் நேரம் தப்பிவிடுமா? சாதாரண குவார்ட்ஸ் வாட்ச் மாதத்துக்கு 15 நொடி முன்பின் போகலாம் என்பார்கள். உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் 25 டிகிரி வெப்பத்தில் சரியாக ஓடும்படி செய்யப்பட்டது. நம் ஊர் 35 டிகிரியில் கிடந்தால் நாளுக்கு சுமார் 0.3 நொடி மெதுவாகும். அதுவும் மாதத்துக்கு 9 நொடிதான். மாதம் பிறந்ததும் செல்போனைப் பார்த்து ஒரு தடவை திருத்தினால் போதும். 9 நொடியால் யாரும் ரயிலை விட்டதில்லை :-)

சோலார் கதை வேறு. நம் ஊரில் வெயிலுக்கா பஞ்சம்? பிரபலமான ஒரு மாடலின் கையேட்டுப்படி, ஒரு நாள் ஓட வெளி வெளிச்சத்தில் (50,000 லக்ஸ்) 5 நிமிடம் போதும். அறைக்குள் ட்யூப்லைட் வெளிச்சம் (500 லக்ஸ்) என்றால் 8 மணி நேரம். பேருந்துக்கு நிற்கிற நேரத்திலேயே நம் வேலை முடிந்துவிடும். பெரிய லாபம் இன்னொன்று. சாதாரண வாட்ச்சில் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பேட்டரிக்காகப் பின்மூடியைத் திறக்க வேண்டும். உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் சரியாக உட்காரவில்லை என்றால் வியர்வையும் மழைத்தண்ணீரும் உள்ளே போய்விடும். நல்ல வாட்ச்கள் பல பாழாவது இப்படித்தான். சோலாரில் அந்த மூடியைப் பல வருடம் தொடவே வேண்டாம். (உள்ளிருக்கும் செல்லுக்கும் ஆயுள் உண்டு, ஆனால் அது நீண்ட ஆயுள்.)

வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில. 100 மீட்டர் நீர்காப்பு இருக்கட்டும். தோல் வார் வேண்டாம், வியர்வையில் நாறும். ரப்பர் அல்லது ஸ்டீல் வார் நல்லது. சிட்டிசன், கேசியோ, சைகோ என எல்லாவற்றிலும் ரேடியோ இல்லாத சோலார் மாடல்கள் இருக்கின்றன. முழுக்கைச் சட்டைக்குள்ளும் மேசை அறைக்குள்ளும் ஒளித்து வைக்காதீர்கள். அதற்காகக் கார் டேஷ்போர்டில் போட்டு வேகவைக்கவும் வேண்டாம்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. மேல்படிப்புக்கு ஜெர்மனிக்கோ ஜப்பானுக்கோ போகிறவர் ரேடியோ வாட்ச் தாராளமாக வாங்கலாம். இறங்கிய அன்று இரவே அது வேலை செய்யும். இங்கேயே இருக்கப்போகிற நாம் அந்தப் பணத்தை மிச்சம் பிடித்தால் சில மாத சீசன் டிக்கெட்டுக்கு ஆகும். அந்த டிக்கெட்டாவது நம் ஊரில் நிச்சயம் செல்லும்!