பழைய காரும் இன்ஷியூரன்ஸ் பணமும்

பழைய மோட்டார் கார் ஒன்று எங்கேனும் மோதி நசுங்கிவிட்டால், அதன் சொந்தக்காரருக்கு இருவகை உபதேசங்கள் தவறாமல் கிடைக்கின்றன. "வருஷந்தோறும் பணம் கட்டினீரே, கம்பெனியிடம் வசூலித்துவிடும்" என்பர் ஒரு சாரார். "ஓட்டை வண்டிக்குக் கிளெய்ம் எதற்கு? அலைச்சல்தான் மிச்சம்" என்பர் மற்றொரு சாரார். முன்னது ஆசையின் பேச்சு. பின்னது சோம்பலின் பேச்சு. இன்ஷியூரன்ஸ் தர்மமுமன்று, பரிசுச் சீட்டுமன்று. அஃது ஓர் ஒப்பந்தம். அதனால் வந்த உரிமையைக் கோருவதாயினும், விட்டுக்கொடுப்பதாயினும், கணக்குப் பார்த்துச் செய்வதே அறிவுடைமை என்பது நமது அபிப்பிராயம்.

இதற்கு விலக்கு ஒன்றுண்டு. விபத்தில் மனிதர் எவரேனும் காயமுற்றிருந்தால் லாப நஷ்டக் கணக்குக்கு அங்கே இடமில்லை. காயமுற்றவருக்கு வைத்திய உதவி கிடைக்கச் செய்வதும், போலீஸாருக்கும் இன்ஷியூரன்ஸ் கம்பெனிக்கும் தகவல் கொடுப்பதும் 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் விதித்துள்ள கடமைகள். பிறருக்கு நேரும் தீங்கிற்காக இன்ஷியூர் செய்வதை 1939ஆம் வருஷத்துச் சட்டமே கட்டாயமாக்கிற்று. வண்டிக்காரரின் கைப்பணத்தை மட்டும் நம்பிக் காயமுற்றவர் நிற்கலாகாது என்பதே அதன் கருத்து. ஆகவே நாம் இங்கே பேசுவது சொந்த வண்டியின் சேதத்தைப் பற்றி மட்டுமே.

பட்டறைக்காரர் கொடுக்கும் பில் தொகை முழுவதையும் கம்பெனி கொடுத்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். சாதாரணப் பாலிஸியில் அவ்வாறில்லை. புதிதாக மாற்றும் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களின் விலையில் பாதியைத் தேய்மானமாகக் கழிப்பார்கள். வண்டி 10 வருஷங்களைக் கடந்திருந்தால் இரும்புத் தகடு முதலிய உலோகப் பாகங்களுக்கும் பாதியே கிடைக்கும். கண்ணாடிக்கும் கூலிக்கும் இக்கழிவு இல்லை. இவ்வளவும் போக, 1,500 சி.சி.க்கு மேற்படாத கார்களுக்கு 1,000 ரூபாயைச் சொந்தக்காரரே ஏற்க வேண்டும்.

மற்றொரு பக்கத்தில் நிற்பது 'நோ கிளெய்ம் போனஸ்' என்னும் சலுகை. கிளெய்ம் இல்லாமல் வருஷங்கள் கழியக் கழிய, சொந்தச் சேதத்திற்குரிய பிரீமியத்தில் 20, 25, 35, 45, 50 சதவிகிதம் என்று தள்ளுபடி உயரும். சொந்தச் சேதத்திற்காக ஒரு முறை கிளெய்ம் செய்தாலும், தனிப் பாதுகாப்பு வாங்கியிராதவருக்கு இப்படிக்கட்டு முழுவதும் சரிந்துவிடும். 50 சதவிகிதத்தை எட்டியவர் மீண்டும் அவ்விடத்தை அடைவதற்குள் வருஷவாரியாக 50, 30, 25, 15, 5 சதவிகிதம் அதிகம் கட்டுவார். மொத்தம் 125 சதவிகிதம். அதாவது, தள்ளுபடிக்கு முந்திய ஒரு வருஷப் பிரீமியத்தைப்போல் ஒன்றேகால் மடங்கு.

உதாரணமாக, 12 வருஷத்துச் சிறு கார் ஒன்றுக்குத் தள்ளுபடிக்கு முந்திய பிரீமியம் 4,000 ரூபாய் என்று கொள்வோம். கிளெய்ம் செய்வதால் வரும் நஷ்டம் ஏறத்தாழ 5,000 ரூபாய். வரி, வர்ணப் பூச்சு முதலியவற்றை விட்டுவிடுவோம். பம்பர் உடைந்து, பாகத்திற்கு 4,000, கூலிக்கு 2,000 என்று பில் வந்தால், கழிவுகள் போகக் கைக்கு வருவது 3,000 ரூபாயே. இதற்காகக் கம்பெனியின் வாசற்படி ஏறுதல் வீண். தகடுகளுக்கு 12,000, கண்ணாடிக்கு 5,000, கூலிக்கு 7,000 என்று 24,000 ரூபாய் ஆகுமானால், 17,000 ரூபாய் கிடைக்கும். வண்டி பழையது என்று வெட்கப்பட்டு இதை விட்டுவிடுதல் பேதைமை.

இன்னொரு விஷயம் பலருடைய கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. இந்தப் போனஸ் வண்டியைச் சேர்ந்ததன்று, சொந்தக்காரரைச் சேர்ந்தது. பழைய காரை விற்றுப் புதிய கார் வாங்குபவர் முறைப்படி சான்று பெற்று, 3 வருஷங்களுக்குள் அதனைப் புதிய காருக்கு மாற்றிக்கொள்ளலாம். புதிய காரின் பிரீமியம் 20,000 ரூபாயாயின், முதல் வருஷத்திலேயே 10,000 ரூபாய் மிச்சம். 3,000 ரூபாய்ப் பம்பருக்காக இதை இழப்பவர் விதைநெல்லை விற்று விருந்துண்பவரே ஆவார்.

சேதம் பெரிதானால் வேறொரு வரம்பு குறுக்கிடும். செப்பனிடும் செலவு, பாலிஸியில் குறித்த மதிப்பில் 75 சதவிகிதத்துக்கு மேற்பட்டால், வண்டி முழுவதும் அழிந்ததாகவே கொள்ளப்படும். 5 வருஷங்களைக் கடந்த வண்டிக்கு அம்மதிப்பு இரு தரப்பாரும் பேசி முடிவு செய்வது. சில நூறு ரூபாய் பிரீமியம் குறையும் என்று மதிப்பைத் தாழ்த்தி எழுத இசைபவர், ஆபத்து வந்த நாளில் அத்தாழ்ந்த தொகையையே பெறுவார். விபத்துக்குப் பின் வாதாடிப் பயனில்லை. பாலிஸியைப் புதுப்பிக்கும் நாளே பேசவேண்டிய நாள்.

கடைசியாக ஒரு வார்த்தை. "எப்படியும் கிளெய்ம் செய்கிறீர், பழைய சொட்டைகளையும் இதிலேயே சேர்த்துவிடலாம்" என்று பட்டறையில் யோசனை சொல்வாருண்டு. அது சாமர்த்தியமன்று, பொய்க்கணக்கு. கம்பெனியின் பெட்டியிலிருப்பது விபத்தே காணாத ஆயிரக்கணக்கானோர் கட்டிய பணம். பொய்க் கிளெய்ம்களின் சுமை அவர்கள் தலையிலேயே விழும். அவ்வாறே, நியாயமான கிளெய்மைக் கம்பெனி மறுக்குமானால் வாய் மூடியிருத்தலும் தகாது. காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். முதலில் கம்பெனியிடமே முறையிட்டு, பயனில்லாவிடில் இன்ஷியூரன்ஸ் குறைதீர்ப்பாளரை அணுக வேண்டும். அங்கே கட்டணமில்லை, வக்கீலும் வேண்டியதில்லை.

சேதம் நேர்ந்த அன்றே பட்டறை மதிப்பீட்டைப் பெறுக. பாலிஸியை எடுத்துப் படித்துக் கணக்கிடுக. கோருவதாயின் தாமதியாது, வண்டியைப் பிரிப்பதற்கு முன்பே கம்பெனிக்கு அறிவித்திடுக. வண்டியின் விலை சிறிதாயிருக்கலாம். அதை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கு அதன் கணக்குச் சிறிதன்று.