துப்பாக்கி மைதானத்துல ஒரு ஜிஹெச் டாக்டருக்கு என்ன வேலை?

போன வாரம் நான் போட்ட ஒரு போட்டோவுக்கு வந்த கமென்ட்டுகளைப் படிச்சு முடிக்க ஒரு முழு நைட் டூட்டி ஆச்சு. அட்டையில் வெட்டிய டார்கெட் பக்கத்துல, காதுக்கு மஃப் மாட்டிக்கிட்டு, கையில ஒட்டுற பேட்ச் ரோலோட நிக்கிறேன். அவ்வளவுதான் படம்.

"உயிரைக் காப்பாத்துறவருக்கு துப்பாக்கி மைதானத்துல என்ன வேலை?"

"மக்கள் வரிப்பணத்துல சம்பளம் வாங்கிட்டு அமெரிக்காவுல சுட்டு விளையாடுறீங்களா டாக்டர்?"

முதல்ல கணக்கை முடிச்சிடுவோம். போனது என்னோட ஈட்டிய விடுப்பில். டிக்கெட் எடுத்துக் கொடுத்தது சித்தப்பா மகன். எனக்கு அண்ணன், டெக்சாஸில் இருபது வருஷமா இருக்கார், அந்த நாட்டு சிட்டிசன். (வெளிநாடு போக என்ஓசி வாங்க நான் அலைஞ்ச கதைக்குத் தனி இழை வேணும்.) நான் அங்கே துப்பாக்கியைத் தொடவே இல்லை. விசிட்டர் விசாவில் போறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வெச்சிருக்க அவங்க ஃபெடரல் சட்டம் பொதுவா அனுமதிக்காது. வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குகள் உண்டு, என்கிட்ட அதுவும் இல்லை. அண்ணன் சுட்டார். நான் ஓட்டை விழுந்த டார்கெட்டுக்கு பேட்ச் ஒட்டினேன், சாய்ஞ்ச இரும்புத் தகடுகளை நிமிர்த்தி வெச்சேன். அங்க சுட வர்ற எல்லாரும், எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும், முறை போட்டு இந்த வேலையைச் செய்றாங்க.

ஆனா இந்த இழை என் மேல வந்த கமென்ட்டுக்குப் பதில் சொல்ல மட்டும் இல்லை. அந்த மைதானத்துல எனக்கு ஒரு கோபம் வந்தது. அதை எழுதாம இருக்க முடியல.

அது பிராக்டிகல் ஷூட்டிங். ஒலிம்பிக்கில் ஒரே இடத்துல அசையாம நின்னு சுடுவாங்களே, அது இல்லை. இதுல ஓடணும், குனியணும், தடுப்புக்குப் பின்னால இருந்து சுடணும். அட்டையில ஏ, சி, டி என்று பகுதிகள். கிடைச்ச புள்ளிகளை எடுத்துக்கிட்ட நொடிகளால வகுத்தா அதுதான் ஸ்கோர். ரொம்ப வேகமா ஓடினா குறி தவறும், குறியே பார்த்துக்கிட்டு நின்னா நேரம் போகும். நடுவுல வெள்ளை அட்டை ஒண்ணு இருக்கும், அது அப்பாவி. அதுல பட்டா 10 புள்ளி போச்சு. 1976-ல் மிசூரி மாநிலத்தில் கொலம்பியா என்ற ஊரில் கூடி இதுக்கு உலக அமைப்பை உண்டாக்கினாங்க. ஜெஃப் கூப்பர் என்ற முன்னாள் மரைன் அதிகாரிதான் முதல் தலைவர்.

உண்மையைச் சொல்றேன், என்னை அசர வெச்சது அவங்க பாதுகாப்பு விதிகள்.

ரேஞ்ச் ஆபீசர் சொல்ற வரைக்கும் எல்லா துப்பாக்கியும் காலியா உறையில இருக்கணும். துப்பாக்கியை எடுத்துத் துடைக்கணும்னா அதுக்குன்னு ஒரு மேஜை, அந்த இடத்துல ஒரு தோட்டாவைக்கூடக் கையில எடுக்கக் கூடாது. ஓடும்போது விரல் ட்ரிகர் பக்கம் போச்சா, வெளியே. துப்பாக்கியின் வாய் 180 டிகிரி கோட்டைத் தாண்டிப் பின்னால திரும்புச்சா, வெளியே. கை நழுவிக் கீழே விழுந்துச்சா, வெளியே. அன்னைக்கு முழுக்க வெளியே. அன்னைக்கு அப்படி ஒருத்தரை அனுப்பினாங்க. ரெண்டு மணி நேரம் கார் ஓட்டி வந்தவர், வயசானவர். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. துப்பாக்கியைக் காலி பண்ணிக் காட்டினார், பையில வெச்சார், அப்புறம் எங்களோட நின்னு பேட்ச் ஒட்டினார்.

எங்க ஆஸ்பத்திரியில கை கழுவற விதிக்கு இதுல பாதி மரியாதை இருந்தா எத்தனை தையல் சீழ் பிடிக்காம இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்.

அது ஒரு நினைவுப் போட்டி. அந்த கிளப்புல பல வருஷம் சுட்ட ஒருத்தர் பேர்ல நடத்துறாங்க. நுழைவுக் கட்டணம், குலுக்கல் சீட்டு, மதியம் விற்ற பார்பிக்யூ, எல்லாப் பணமும் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு. நல்ல காரியம், நானும் சீட்டு வாங்கினேன். காலையில எல்லாரும் தொப்பியைக் கழற்றி நின்னாங்க. "நல்ல மனுஷன், நல்ல ஷூட்டர், திடீர்னு நம்மை விட்டுப் போயிட்டார்"னு ஒருத்தர் பேசினார்.

நான் டாக்டர், பழக்கதோஷம். அண்ணன்கிட்ட மெதுவா கேட்டேன். "என்ன ஆச்சுண்ணே? ஹார்ட் அட்டாக்கா?"

அண்ணன் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னார். "வீட்டுலடா. அவரோட துப்பாக்கியாலயே."

அங்க நின்ன எல்லாருக்கும் இது தெரியும். ஒருத்தரும் வாயைத் திறக்கல. துப்பாக்கி கை நழுவினதுக்கே ஒருத்தரை வெளியே அனுப்பின கூட்டம்!

2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவங்க 48,830 பேர். அதுல 26,328 பேர் தற்கொலை. பாதிக்கும் மேல. டிவியில நாம பார்க்கறது பள்ளிக்கூடத்துல நடக்கிற சூட்டை. நடுராத்திரி ஒரு வீட்டுல தனியா நடக்கறது செய்தியில வராது. துப்பாக்கியால முயற்சி செய்றவங்கள்ல பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கறதில்லை.

மதியம் சாப்பிடும்போது நடத்துறவங்கள்ல ஒருத்தர்கிட்டக் கேட்டேன். இந்தப் பணத்துல ஒரு பகுதியை எடுத்து, பூட்டு வெச்ச பெட்டி வாங்கிக் கொடுக்கலாமே? மனசு சரியில்லாத நாட்கள்ல துப்பாக்கியை நண்பர் வீட்டுல கொடுத்து வைங்கன்னு மைக்குல ஒரு வரி சொல்லலாமே? மரியாதையாத்தான் கேட்டேன். அவரும் மரியாதையாத்தான் பதில் சொன்னார். ரெண்டு காரணம் சொன்னார். ஒண்ணு, குடும்பம் விரும்பாது. ரெண்டு, முடிவு பண்ணினவன் வேற வழியைத் தேடிக்குவான்.

குடும்பம் விரும்பாதுங்கறது எனக்குப் புரியுது. யார் எப்படிப் போனார்னு மைக்குல சொல்லச் சொல்லி நான் கேட்கல. பேரைச் சொல்லாம பெட்டியைக் கொடுக்கலாம். அந்தக் குடும்பத்துக்கு அதுல என்ன அவமானம்?

ரெண்டாவது காரணம்தான் பச்சைப் பொய். எம்பிபிஎஸ் முடிச்சு பத்து வருஷமா கேஷுவாலிட்டியில நிக்கிறவன் சொல்றேன். பூச்சிமருந்து குடிச்சு வந்து, அட்ரோபின் ஏறி, வென்டிலேட்டர்ல கிடந்து எழுந்த எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். கண் திறந்ததும் முதல்ல கேட்கறது "சார், பொழச்சிடுவேன்ல?" ஒரு அக்கா ரெண்டு வருஷம் கழிச்சு பொண்ணு கல்யாணப் பத்திரிகையோட ஓபிக்கு வந்தாங்க. வேற வழியைத் தேடிக்கிட்டா போனாங்க?

ஹூஸ்டன்ல, அதே டெக்சாஸ்லதான், உயிர் போற அளவு முயற்சி செஞ்சு பிழைச்ச இளவயசுக்காரங்க 153 பேர்கிட்டக் கேட்டாங்க. நாலுல ஒரு பங்கு பேர், முடிவெடுத்ததுக்கும் செஞ்சதுக்கும் நடுவுல ஐந்து நிமிஷம்கூட இல்லைன்னு சொன்னாங்க. அந்த ஐந்து நிமிஷம் சாவி வேற ஊர்ல இருந்தா?

பக்கத்துல இலங்கையைப் பாருங்க. 1995-ல் லட்சம் பேருக்கு 47 என்ற அளவுல தற்கொலை. கொடிய பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொண்ணா தடை செஞ்சாங்க. பத்து வருஷத்துல அந்த எண் பாதியாச்சு. விஷம் குடிச்சு ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க குறையல, வந்தவங்க பிழைச்சாங்க. இஸ்ரேல் ராணுவம் 2006-ல் ஒரு சின்ன மாற்றம் பண்ணுச்சு. வார விடுமுறைக்கு வீட்டுக்குப் போற சிப்பாய் துப்பாக்கியை முகாம்லயே வெச்சுட்டுப் போகணும். தற்கொலை 40 சதவீதம் குறைஞ்சது. அமெரிக்காவுலயே, நியூ ஹாம்ப்ஷயர்ல 2009-ல் ஒரே கடையில, ஒரே வாரத்துக்குள்ள, ஒருத்தரை ஒருத்தர் தெரியாத மூணு பேர் துப்பாக்கி வாங்கி, வாங்கின சில மணி நேரத்துல போய்ச் சேர்ந்தாங்க. அந்தக் கடைக்காரர் "நான் வித்தேன், அதுக்கு மேல எனக்கென்ன"ன்னு உட்காரல. சுகாதாரத் துறைக்காரங்களோட உட்கார்ந்து, வாங்க வர்றவங்க நிலைமையை எப்படிக் கவனிக்கணும்னு மற்ற கடைகளுக்கும் சொல்லிக் கொடுத்தார். துப்பாக்கியே வாழ்க்கையா இருந்த மனுஷன் செஞ்ச வேலை அது. அதனால "இது துப்பாக்கிக்கு எதிரான பேச்சு"ன்னு யாரும் என்கிட்ட ஆரம்பிக்க வேண்டாம்.

அந்தக் கிளப்புல மைதானத்துக்குள்ள இருக்கற விதி, வீட்டு வாசல் வரைக்கும் போகணும். நான் கேட்டது அவ்வளவுதான்.

இப்போ "பார்த்தீங்களா, அமெரிக்காக்காரன் இப்படித்தான்"னு லைக் போட வந்தவங்க கொஞ்சம் இருங்க.

2022-ல் தமிழ்நாட்டுல தற்கொலையால போனவங்க 19,834 பேர். தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்கு. மகாராஷ்டிராவுக்கு அடுத்த இடம் நமக்கு. நம்ம பேப்பர்ல எப்படி வருது? "தீராத வயிற்று வலியால்". இத்தனை வருஷமா வயித்து வலி இத்தனை பேரைக் கொல்லுதுன்னா, சர்ஜரி டிபார்ட்மென்ட்டை இழுத்து மூடிட்டுப் போயிடலாம். ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர் எழுதும்போது கூட வந்தவங்க காதுல வந்து சொல்வாங்க, "தெரியாம குடிச்சிட்டான்னு போடுங்க சார்." அவங்களைத் திட்ட எனக்கு மனசு வராது. அந்தப் பொண்ணுக்கு நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கணும்.

நம்ம ஊர்லயும் நினைவுப் போட்டி உண்டு. நினைவுக் கபடி, நினைவுக் கோப்பை கிரிக்கெட். பெரிய ஃப்ளெக்ஸ், சிரிக்கிற பையன் முகம், 23 வயசு, 26 வயசு. "காலன் பறித்துக்கொண்டான்"னு நாலு வரி. சுழற்கோப்பை, ஆட்டுக்கிடா பரிசு. இந்த பொங்கலுக்கு நான் வேலை பார்க்கற ஊர்ப் பக்கம் அப்படி ஒரு கபடி. முதலுதவிக்கு வரச் சொன்னாங்க. போனேன். அந்தப் பையனை கேஷுவாலிட்டியில பார்த்தது நான். ஐந்து நிமிஷம் மைக் கொடுங்க தம்பி, பேரெல்லாம் சொல்ல மாட்டேன், வீட்டுல பூச்சிமருந்தை எங்க வைக்கணும், யாரைக் கூப்பிடணும்னு மட்டும் சொல்றேன்னு கேட்டேன்.

"நல்ல நாளும் அதுவுமா எதுக்கு சார் அதெல்லாம்?"

மைக் கிடைக்கல. சால்வை கிடைச்சுது.

டெக்சாஸ்ல இருந்து திரும்பற அன்னைக்கு அண்ணன் வீட்டு பீரோவைக் காட்டினார். நம்பர் பூட்டு. "நம்பர் யாருக்குத் தெரியும்?"னு கேட்டேன். "எனக்கு மட்டும்தான்." "உனக்கு மட்டும் தெரியறதுதான்ணே பிரச்சினை"ன்னு சொன்னேன். முறைச்சார். அண்ணியார் சமையல்கட்டுல இருந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. போன வாரம் போன் பண்ணினப்ப அண்ணன் தானா சொன்னார், நம்பரை அண்ணி மாத்திட்டாங்களாம், சனிக்கிழமை சனிக்கிழமை அவங்கதான் திறந்து கொடுக்கறாங்களாம். குரல்ல கொஞ்சம் கோபம் இருந்துச்சு. இருக்கட்டும்.

அந்த கிளப்புக்கு மெயில் அனுப்பியிருக்கேன். இஸ்ரேல் கணக்கு, நியூ ஹாம்ப்ஷயர் கதை, எல்லாம் சேர்த்து. இன்னும் பதில் இல்லை. அடுத்த பொங்கலுக்கு மைக் கேட்டு அந்தக் கபடிக் குழுத் தம்பிங்ககிட்ட இப்பவே சொல்லி வெச்சிருக்கேன். அவங்களும் யோசிக்கறாங்க.

இதைப் படிக்கிறவங்க யாருக்காவது இன்னைக்கு ராத்திரி மனசு கனமா இருந்தா, 104-க்கு அடிங்க. 14416-க்கும் அடிக்கலாம், அது டெலி மானஸ். ரெண்டுலயும் எந்நேரமும் ஆள் இருக்காங்க, தமிழ்ல பேசுவாங்க. பக்கத்துல இருக்கற ஜிஹெச்சுக்கு நேரா வந்தாலும் சரி. ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தாலும் அங்க ஒரு டாக்டர் முழிச்சிருப்பார்.