மழைக்கணக்கு யார் கையில்?

2024 டிசம்பர் முதல் நாட்களை நினைத்துப் பாருங்கள். ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகும் மழை விடவில்லை. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. திருவண்ணாமலையில் மலையடிவாரத்து வீட்டின்மேல் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள், அதில் ஐந்து பேர் குழந்தைகள். ஏற்காட்டில் மலைப்பாதையில் மண்ணும் பாறையும் விழுந்து வண்டிகள் நிறுத்தப்பட்டன.

ஏற்காட்டைப் பற்றி அந்த வாரம் வந்த செய்திகளை நான் தேடித் தேடிப் படித்தேன். பாதை எப்போது திறக்கும், சுற்றுலாப் பயணிகள் எப்போது போகலாம் என்பதுதான் பேச்சு. காபித் தோட்டத்து லயன் வீடுகளில் அன்று இரவு எத்தனை பேர் விழித்திருந்தார்கள், எந்த வீட்டின் பின்சுவர் ஊறிப்போயிருந்தது, யாருக்கு எத்தனை நாள் கூலி போனது என்று ஒரு வரி என் கண்ணில் படவில்லை.

இந்த இடத்திலிருந்துதான் நான் பேச வந்த விஷயம் தொடங்குகிறது. காலநிலை மாற்றத்துக்கு நாடு தன்னைத் தகவமைத்துக்கொள்ளத் திட்டம் போடப்படுகிறது. அதற்குத் "தகவல் பகிர்வு, அறிவுப் பகிர்வு" வேண்டும் என்கிறார்கள். நல்ல வார்த்தை. யார் யாரிடம் பகிர்வது என்று நாம் கேட்க வேண்டாமா?

காகிதத்தில் குறை ஒன்றும் இல்லை. 2008-இல் வந்த தேசியக் காலநிலைச் செயல்திட்டத்தின் எட்டு இயக்கங்களில் ஒன்று அறிவுக்கென்றே ஒதுக்கப்பட்டது. 2015 பாரிஸ் ஒப்பந்தத்தின் 7-ஆவது பிரிவு, தகவமைப்புப் பணி வெளிப்படையாகவும் மக்கள் பங்கேற்போடும் நடக்க வேண்டும், நலிந்த சமூகங்களைக் கணக்கில் எடுக்க வேண்டும், அறிவியலோடு பழங்குடி மக்களின் அறிவையும் உள்ளூர் அறிவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. இந்தியா அதில் கையெழுத்திட்ட நாடு. 2023 டிசம்பரில் தன் முதல் தகவமைப்பு அறிக்கையை ஐ.நா.விடம் கொடுத்தும் விட்டது. தமிழ்நாட்டில் முதலமைச்சர் தலைமையில் ஆட்சிக்குழு இருக்கிறது. மாவட்டந்தோறும் காலநிலை மாற்ற இயக்கம் இருக்கிறது. ஆட்சியர் அதன் இயக்குநர், மாவட்ட வன அலுவலர் அதன் காலநிலை அலுவலர்.

இதை மலையில் நின்று படியுங்கள். சேர்வராயன் மலையில் மலையாளி பழங்குடி மக்கள் விறகுக்கும் தேனுக்கும் நிலத்துக்கும் தலைமுறை தலைமுறையாக யாருக்குப் பயந்து வாழ்ந்தார்கள்? வனத்துறைக்கு. இப்போது அதே துறையின் அலுவலரிடம் போய் "எங்கள் அறிவு இதோ" என்று மனம்விட்டுப் பகிர வேண்டுமாம்! அந்த நாற்காலியில் நல்லவர் உட்காரலாம், கெட்டவர் உட்காரலாம். நான் சொல்வது நாற்காலியைப் பற்றி.

மழையை அறிந்தவர்கள்

ஏற்காட்டுக்குக் காபி வந்து இரண்டு நூற்றாண்டு ஆகிறது. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் கொண்டுவந்தார் என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதுகின்றன. அந்தச் செடியை நட்டவர்கள், நிழல் மரம் வெட்டியவர்கள், பழம் பறித்தவர்கள் பெயர் எந்தக் கையேட்டிலும் கிடையாது. மலையாளி மக்களும், சமவெளியிலிருந்து பிழைப்புக்கு மலையேறிய தலித் குடும்பங்களும் அவர்கள்.

நாற்பது வருடம் பழம் பறித்த ஒரு அக்காவிடம் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். பங்குனி, சித்திரையில் ஒரு மழை பெய்ய வேண்டும். அதில்தான் காபி பூக்கும். அந்த மழை முன்னே பின்னே போனால், அல்லது தவணை தவணையாகப் பெய்தால், பூ ஒரே சமயத்தில் வராது. பழமும் ஒரே சமயத்தில் பழுக்காது. ஒரு செடிக்கு மூன்று முறை போக வேண்டிய இடத்தில் ஐந்து முறை போக வேண்டும். கூடை நிறையாது. எடைக்குக் கூலி என்றால் அன்றைய வருமானம் குறையும். வெயிலும் வறட்சியும் கூடினால் தண்டுத் துளைப்பான் பெருகும், செடியைப் பிடுங்கி எரிக்க வேண்டும், மருந்து அடிக்க வேண்டும். அந்த மருந்து யார் மூச்சில் போகிறது? காலநிலை மாற்றம் என்ற சொல்லை அந்த அக்கா கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் அது தன் கூடைக்குள் என்ன செய்கிறது என்று அவருக்குத் தெரியும்.

இன்னொரு அறிவும் மலையில் இருக்கிறது. காபித் தோட்டங்களில் மழைமானி வைத்துத் தினமும் மழையை அளந்து பதிவேட்டில் எழுதுவது பழைய வழக்கம். தலைமுறைக் கணக்கில் எழுதப்பட்ட அந்தப் பதிவேடுகள் முதலாளியின் மேசையில் இருக்கின்றன. அந்தக் கணக்கைப் பார்த்து அவர் உரம் போடும் நாளையும் மருந்தடிக்கும் நாளையும் முடிவு செய்கிறார். அதே எண், "இன்றிரவு அந்த லயனில் படுக்காதே" என்று தொழிலாளிக்குச் சொல்லப் பயன்பட்டதா? பெரும்பாலும் இல்லை. செடிக்காக அளக்கப்பட்ட மழை மனிதருக்காக அளக்கப்படவில்லை.

தகவல் இறங்காத மலைகள்

இது ஏற்காட்டின் கதை மட்டும் இல்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கத்தில் பெட்டிமுடி. தேயிலைத் தோட்டத்து லயங்கள்மேல் மலை சரிந்தது. 70 பேர். பெரும்பாலும் தமிழர்கள், கயத்தாறு பக்கத்திலிருந்து போன தலித் குடும்பங்கள் அவர்களில் ஏராளம். மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றுப்போயிருந்ததால் வெளியுலகுக்குச் சேதி மறுநாள் காலையில்தான் போனது. தேயிலை தினமும் மூணாற்றிலிருந்து உலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு சாவுச் செய்தி மட்டும் ஒரு இரவு முழுக்க மலையைத் தாண்டவில்லை.

அடுத்து வயநாடு. அங்கே ஹியூம் மையம் என்ற அமைப்பு உள்ளூர் மக்களோடு சேர்ந்து மாவட்டம் முழுக்க ஏறத்தாழ 200 மழைமானிகளை வைத்து அளந்துவந்தது. 2024 ஜூலை 29 காலையிலேயே ஆபத்து என்று மாவட்ட நிர்வாகத்துக்கு எச்சரிக்கை அனுப்பியது. முண்டக்கை, சூரல்மலை சரிந்தது 30-ஆம் தேதி அதிகாலையில். இடையில் பல மணி நேரம் இருந்தது. சிலர் வெளியேறினார்கள், எல்லோரும் வெளியேற்றப்படவில்லை. இருநூறுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெட்டிமுடியில் தகவல் போகவே வழியில்லை. வயநாட்டில் தகவல் போய்ச் சேர்ந்தது, ஆனால் அதை உத்தரவாக மாற்ற யாருக்கும் கட்டாயம் இல்லை. ஆகவே "தகவல் பகிர்வு" என்று மட்டும் சொன்னால் போதாது. தகவல் கிடைத்தவருக்கு அதன்படி நடக்கும் கடமை உண்டு, நடக்காவிட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதப்பட வேண்டும்.

மேலே ஏறாத தகவல்

கீழே தகவல் இறங்கவில்லை. மேலேயாவது சரியாக ஏறுகிறதா? 2021-இல் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை, எந்த மாநிலமும் எந்த மாவட்டமும் காலநிலையால் அதிகம் பாதிக்கப்படக்கூடியவை என்று ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. அதன் பெயரே தகவமைப்புத் திட்டமிடலுக்கான மதிப்பீடு. 14 அளவுகோல்கள். வறுமை இருக்கிறது, சிறு குறு நிலவுடைமை இருக்கிறது, மானாவாரி நிலம் இருக்கிறது, சாலை அடர்த்திகூட இருக்கிறது. சாதி இல்லை.

"மழைக்குச் சாதி தெரியுமா?" என்று கேட்பார்கள். மழைக்குத் தெரியாது. ஆனால் யார் ஓடைக்கரையில் குடியிருக்கிறார், யார் மேட்டில் குடியிருக்கிறார் என்பதை இந்த நாட்டில் முடிவு செய்தது மழை இல்லையே. 2019 டிசம்பர் 2 அதிகாலை, மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் ஊறிய இருபதடிச் சுவர் விழுந்து 17 தலித்துகள் இறந்தார்கள். அந்தச் சுவரை எழுப்பியது யார், எதற்கு என்று கேட்காமல் வெறும் "கனமழைச் சாவு" என்று அதை எந்தப் பட்டியலில் சேர்ப்பீர்கள்? மழையின் அளவு மட்டும் இருக்கும், சுவர் இருக்காது. அப்படிப்பட்ட தரவிலிருந்து வரும் திட்டம் அடுத்த சுவரையும் பார்க்காது.

ஏற்காட்டில் இதற்கு இன்னொரு முகம். அரசுக் கோப்பில் "மலைவாழ் மக்கள்" என்று ஒரே சொல். உள்ளே இரண்டு விதமான நிலமின்மை இருக்கிறது. மலையாளி பழங்குடிக்கு 2006 வன உரிமைச் சட்டம் இருக்கிறது, கிடைத்தது குறைவு என்றாலும் கேட்கச் சட்டம் இருக்கிறது. ஐந்தாவது அட்டவணைப் பகுதி தமிழ்நாட்டில் ஒன்றுகூட அறிவிக்கப்படாததால் பெசா சட்டத்தின் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை. லயன் வீட்டுத் தலித் தொழிலாளிக்கோ வீடு தோட்டத்துடையது, வேலை போனால் வீடும் போகும். வன உரிமைச் சட்டத்துக்குள் வரவேண்டுமானால் அவர் 75 ஆண்டு, மூன்று தலைமுறை வனத்தைச் சார்ந்து அங்கேயே வாழ்ந்ததாகக் காட்ட வேண்டும். பட்டா இல்லாத வீடு இடிந்தால் நிவாரணம் வாங்குவதுகூடப் போராட்டம்தான். தோட்டம் விடுதியாக மாறினால் அதுவும் கிடையாது. இந்த இரண்டு கதையும் தனித்தனியே எழுதப்படாமல் ஏற்காட்டுக்குத் தகவமைப்புத் திட்டம் என்று எதை எழுதுவார்கள்?

கொடுத்த அறிவும் பறித்த அறிவும்

அறிவைப் பகிர நாம் தயங்குவதற்கும் காரணம் உண்டு. சேர்வராயன் மலையில் பாக்சைட் எங்கே, எவ்வளவு ஆழத்தில் என்று அளந்து சொல்ல அரசுக்கும் கம்பெனிக்கும் முடிந்தது. மேட்டூர் அலுமினிய ஆலைக்காக மலையின் தலையையே சீவினார்கள். எந்த லயனுக்குப் பின்னால் மண் நெகிழ்ந்திருக்கிறது என்று அளக்க மட்டும் இன்றுவரை ஆள் இல்லை.

அகத்தியமலையின் காணி மக்கள் 1987-இல் களைப்பைப் போக்கும் ஒரு செடியை விஞ்ஞானிகளுக்குக் காட்டினார்கள். அது "ஜீவனி" என்ற மருந்தானது. அங்கே வருமானத்தில் ஒரு பங்கு காணி மக்களுக்குக் கொடுக்கப்பட்டது, அதனால்தான் உலகமெல்லாம் அதை முன்மாதிரி என்று பேசினார்கள். பங்கு கொடுப்பதே அதிசயச் செய்தி என்றால் வழக்கமாக நடப்பது என்ன என்று புரிந்துகொள்ளுங்கள். வன உரிமைச் சட்டத்தின் 3(1)(k) பிரிவு, பல்லுயிர் பற்றிய மரபறிவு சமூகத்தின் அறிவுச் சொத்து என்கிறது. 2023-இல் திருத்தப்பட்ட பல்லுயிர்ச் சட்டமோ நூல்களில் பதிவான மரபறிவைப் பயன்படுத்துவோருக்குப் பலன் பகிர்வதிலிருந்து விலக்குக் கொடுக்கிறது. பதிவேட்டில் எழுதச் சொல்லி ஒருவர் பேனாவோடு வரும்போது நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எழுதிய பிறகு இது யாருடையது?

இது நம் பிரச்சினையா?

தோழர்களே, நம் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுகிறேன். "வன்கொடுமைக்கே நேரமில்லை, காலநிலை எல்லாம் ஏசி அறை என்.ஜி.ஓ. விஷயம்" என்று நம் கூட்டங்களில் சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். அது தவறு. பாபாசாகேப் 1927-இல் மகாடில் கையில் எடுத்தது குளத்துத் தண்ணீரை. 1943-இல் தாமோதர் நதி வெள்ளம் வங்காளத்தைப் புரட்டியபோது வைஸ்ராய் அவையில் தொழிலாளர் துறை அவரிடம் இருந்தது. வெள்ளத்தைத் தடுக்கவும் நீரைப் பயன்படுத்தவும் தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கு வழி போட்டவர் அவர். 1945-இல் மத்திய நீர்வழி, பாசன ஆணையம் அமைந்ததும் அவர் காலத்தில்தான். வெள்ளம், மின்சாரம், நதி எல்லாவற்றையும் நாட்டுத் திட்டமாகப் பார்த்த தலைவரின் பிள்ளைகள், திட்டம் போடும் மேசை நமக்கு வேண்டாம் என்று எழுந்து வரலாமா?

அந்த மேசைக்கு நாம் கொண்டுபோக வேண்டியவை இவை.

ஒன்று, தோட்டங்களின் மழைப் பதிவேடுகள் பொதுத் தரவாக வேண்டும். மலையின் ஒவ்வொரு ஊராட்சியிலும் பள்ளி, லயன், பழங்குடிக் குக்கிராமம் என்று மழைமானி வைத்து, அளக்கும் இளைஞருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். நம் உழைப்பை "தன்னார்வம்" என்று இலவசமாக வாங்கக் கூடாது.

இரண்டு, பாதிப்பு மதிப்பீட்டில் சாதி, பழங்குடி, வீட்டுப் பட்டா ஆகியவை தனித்தனிப் பத்திகளாக வேண்டும்.

மூன்று, எத்தனை மழை பெய்தால் எந்த லயனைக் காலி செய்வது, யார் உத்தரவிடுவது, எங்கே தங்கவைப்பது, அந்த நாள் கூலி யார் தருவது என்று முன்கூட்டியே எழுதி லயன் சுவரில் ஒட்ட வேண்டும்.

நான்கு, மக்களிடமிருந்து எடுத்த தகவல் தமிழில் அவர்களிடமே திரும்ப வேண்டும், கிராமசபை ஒப்புக்கொள்ளாமல் வெளியே போகக் கூடாது.

இவை எதுவும் பிச்சை இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் 4-ஆவது பிரிவு, முக்கியக் கொள்கை வகுக்கும்போது தொடர்புடைய உண்மைகளை யாரும் கேட்காமலே, உள்ளூர் மொழியில் வெளியிட வேண்டும் என்கிறது. ஆகவே சேலத்திலும் வேறு மலை மாவட்டங்களிலும் இருக்கும் மாணவர்களுக்கு ஒரு வேலை. உங்கள் மாவட்டக் காலநிலை இயக்கத்தின் கூட்டக் குறிப்புகள், திட்ட வரைவு, அதில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புகளுக்கு ஒதுக்கிய தொகை ஆகிய மூன்றையும் கேட்டு மனுப் போடுங்கள். பதில் வந்தால் அதை எடுத்துக்கொண்டு லயனுக்கும் குக்கிராமத்துக்கும் போய்ப் படித்துக் காட்டுங்கள். பதில் வராவிட்டால் அதையும் போய்ச் சொல்லுங்கள். அடுத்த கிராமசபையில் அந்த அக்கா எழுந்து மழையைப் பற்றிப் பேசட்டும், தீர்மானப் புத்தகத்தில் அது அவர் பெயரோடு ஏறட்டும்.

அடுத்த புயலுக்குப் பெயர் ஏற்கனவே பட்டியலில் இருக்கிறது. அது வரும்போது லயனில் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலும் ஆட்சியர் மேசையில் இருக்க வேண்டும்.

ஜெய்பீம்.